புது வண்டியும் அதன் சாவியும்

 

அம்பர்நாத்தில் ஒரு வீட்டுக்குப் புதுக் கார் வந்தால் தெருவே கூடிவிடுகிறது. மாலை போடுகிறார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். சிலர் செம்பூர் முருகன் கோயில் வரை கொண்டுபோய்ப் பூசை போட்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் மறுநாள் காலையிலேயே டிரைவர் வண்டியை விரட்டத் தொடங்குகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடன் வாங்கி எடுத்த டாக்சி. மாதத் தவணை காத்திருக்கிறது. ஆனாலும் இந்த அவசரம் பின்னால் அவருடைய வருமானத்தையே தின்றுவிடும்.

ஏன்?

இஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற குழாய் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி மெல்லிய ரிங்குகள் இருக்கின்றன. புது அம்மியில் யாரும் உடனே குழம்புக்கு அரைப்பதில்லை. முதலில் தவிடோ அரிசியோ போட்டு அரைத்துக் கழுவுகிறார்கள். கல்லும் குழவியும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். ரிங்கும் சிலிண்டரும் அப்படித்தான். நன்றாகப் பழகினால் ரிங் சுவரோடு படிந்து நிற்கும். படியாவிட்டால் இஞ்சின் ஆயில் மேலே ஏறி எரியும். புகை நீலமாக வரும். இழுவை குறையும். கடைசியில் இஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். அந்தச் செலவு எத்தனை நாள் கூலி என்று டிரைவருக்குத் தெரியும்.

எத்தனை கிலோமீட்டர் பழக்க வேண்டும்? அது வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். பல கார்களுக்கு 1000 கிலோமீட்டர். அம்பர்நாத்திலிருந்து மும்பை சிஎஸ்எம்டி சுமார் 60 கிலோமீட்டர். போய் வர 120. எட்டு, ஒன்பது தடவை போய் வந்தால் ஆயிரம் முடிந்தது. இவ்வளவு தான் பொறுமை.

அதுவரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது. டாப் கியரில் போட்டு இஞ்சினை முக்க விடக் கூடாது. அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் தவறு. "நாற்பதிலேயே ஓட்டினேன், இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வேகம் கூடிக் குறைந்தால்தான் ரிங் எல்லா விதமான அழுத்தத்துக்கும் பழகும். வண்டியை நிறுத்திவைத்து, இஞ்சினை மட்டும் மணிக்கணக்கில் ஓட விடுவது வீண் வேலை. பாரம் இல்லாமல் ரிங் அழுந்தாது. பெட்ரோல் மட்டும் தீரும்.

பிரேக்கும் புதிது. முதல் சில நூறு கிலோமீட்டர் வரை சடாரென்று மிதிக்காமல் ஓட்டுவது நல்லது. ஆள் குறுக்கே வந்தால் மிதிக்கத்தான் வேண்டும்!

முன்பெல்லாம் புதுக் காரின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டுவார்கள். 'வண்டி பழகுகிறது, முந்திச் செல்லுங்கள்' என்று பொருள். குர்லாவில் தயாரான பத்மினி கார்தான் அப்போது மும்பையின் டாக்சி. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் மும்பையில் பத்மினி டாக்சி இல்லை. இப்போதைய இஞ்சின்கள் பத்மினி இஞ்சினைவிட நுட்பமாகச் செய்யப்படுகின்றன. ஆனாலும் பழக்கும் முறை புத்தகத்தில் இருந்து போகவில்லை. மின்சாரக் காருக்கு மட்டும் இந்த ரிங் கதை கிடையாது.

முதல் சர்வீசைத் தள்ளிப் போடக் கூடாது. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரையும் தேதியும் விழுந்ததா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். பின்னால் பழுது வந்தால் அந்தப் பக்கம்தான் பேசும்.

இனி சாவி. சாவித் துவாரத்தைச் சுற்றிச் சிறிய ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'லாக்' என்றால் பூட்டு. சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். 'ஏசிசி'யில் ரேடியோ பாடும். 'ஆன்' வைத்தால் விளக்குகள் எரியும். 'ஸ்டார்ட்' வைத்தால் இஞ்சின் கிளம்பும். கிளம்பியதும் சாவியை விட்டுவிட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியை உறிஞ்சிவிடும். சில நொடிகளில் கிளம்பாவிட்டால், கொஞ்சம் பொறுத்து மறுபடி திருப்பலாம். கிளம்பிய பிறகும் சிவப்பு ஆயில் விளக்கு அணையவில்லையா? உடனே நிறுத்திவிட வேண்டும்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க, கண்டாலா மலை இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு உருட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. இது உயிரோடு விளையாட்டு. இஞ்சின் நின்றால் பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். சாவியை வெளியே எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

சாவி தானாகத் திரும்பினாலும் இதே கதிதான். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் சாவி சுவிட்சில் பிடிப்பு போதவில்லை. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, வண்டி குலுங்கினாலோ சாவி 'ஆன்' நிலையிலிருந்து நழுவியது. ஓடும்போதே இஞ்சின் நின்றது. மோதியபோது உயிர் காக்கும் காற்றுப்பையும் விரியவில்லை. 124 பேரின் சாவுக்கு அந்தக் கம்பெனியின் நிதியிலிருந்து நஷ்ட ஈடு ஒப்புக்கொள்ளப்பட்டது.

இங்கேயும் கார்ச் சாவியோடு வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் சேர்ந்து தொங்குவதைப் பார்க்கலாம். பிள்ளையார் வீட்டு மாடத்தில் இருந்தும் காப்பார். கார்ச் சாவிக்குத் தனி வளையம் போதும்.