சளி என்றால் எந்தச் சளி?

(தோட்டச் சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு 'சளி' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பனியிலும் மழையிலும் கொழுந்து எடுக்கிற நமக்குச் சளி என்ன புதுசா என்று கேட்பீர்கள்.

மூக்கு ஒழுகினாலும் நமக்குச் சளி. தொண்டை கட்டினாலும் சளி. நெஞ்சு கரகரவென்று இழுத்தாலும் 'சளி புடிச்சிருக்கு' என்கிறோம். ஆனால் இருமலுக்குப் போன இடத்தில் டப்பாவைக் கொடுத்து 'சளி எடுத்துட்டு வாங்க' என்றால், கேட்பது நெஞ்சுச் சளியை மட்டும்தான். சிங்களத்தில் தனித்தனிப் பேர் இருக்கிறது: நெஞ்சிலிருந்து வருவது 'செம', எச்சில் 'கெள', தடிமல் 'ஹெம்பிரிஸ்ஸாவ'. நாமோ 'செம' என்றதும் தலையை ஆட்டிவிட்டு, வாயில் ஊறியதைத் துப்பிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறோம்.

இதில்தான் ஆபத்து. காசநோய்க் கிருமி இருப்பது நுரையீரலில். எச்சிலைச் சோதித்தால் கிருமி அகப்படாமல் போகலாம். 'ஒண்ணுமில்ல' என்று முடிவு வரும். அந்த ஆள் லயத்துக் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளுக்கு நடுவில் படுத்து இருமுவார். இது காற்றில் பரவும் நோய்.

பெண்கள் நாலு பேர் முன்னால் காறித் துப்பக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் நியாயம்தான், அதற்காக எச்சிலைக் கொடுக்கலாமா? பாகிஸ்தானில் ராவல்பிண்டியில் நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. சளியை எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்த பெண்களில், சொல்லிக் கொடுக்காதவர்களைவிடக் கூடுதலானோருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. புது மெஷினோ மருந்தோ இல்லை, வெறும் பேச்சு.

ஆகவே கேளுங்கள். விடியக்காலை எழும்பியதும், தேத்தண்ணி குடிக்க முன், பச்சைத் தண்ணியில் வாயைக் கொப்பளியுங்கள். காம்பராவுக்குள் வேண்டாம், வெளியே ஆளில்லாத இடத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று தரம் மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக, மஞ்சளாக வந்தால் அதுதான். ஒரு தேக்கரண்டி அளவு போதும். மூடியை இறுக்கி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொரு நாளும் கேட்டால் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால், அந்திக் காய்ச்சலோ மெலிவோ சேர்ந்தால், சளியில் ரத்தம் கண்டால் உடனே போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் மருந்து, நடுவில் விடக்கூடாது.

இன்னொன்று. டப்பாவின் மூடியில் பேரை எழுதாதீர்கள். மூடி மாறினால் உங்கள் சளி அடுத்த வீட்டுக்காரர் பேரில் போய்விடும். டப்பாவின் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.