எண்ணிக்கையும் இறையாண்மையும்: ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு முயற்சி



2014 ஏப்ரலில் நைஜீரிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி அதுவரை சொல்லப்பட்டதைவிட 89 சதவீதம் அதிகம் என்றது அந்த அறிவிப்பு. தென்னாப்பிரிக்காவை ஒரே நாளில் முந்திய நைஜீரியா, கண்டத்தின் மிகப்பெரிய பொருளாதாரம் ஆயிற்று. லாகோஸ் சந்தையில் மூட்டை சுமப்பவரின் கூலி மட்டும் ஒரு நைரா கூட உயரவில்லை. 1990ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டு வந்தவர்கள் 2010க்கு மாறினார்கள். கைப்பேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் உரிய அளவில் கணக்கில் ஏறின. அவ்வளவுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் கானாவிலும் இதே முறையில் உற்பத்தி மதிப்பு 60 சதவீதம் உயர்ந்திருந்தது. சலுகைக் கடனுக்கான தகுதியே தலா வருமானத்தைக் கொண்டு அளக்கப்படுவதால், இதை வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

இதனை ஆப்பிரிக்கர்களின் திறமைக்குறைவாகச் சித்தரிப்போர், 1980களில் நடந்ததைச் சொல்வதில்லை. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் திணித்த கட்டமைப்புச் சீரமைப்பு அரசுச் செலவினத்தை வெட்டியபோது, புள்ளியியல் அலுவலகங்கள் பெருமளவு நிதி இழந்தன. பயிற்சி பெற்றோர் வெளியேறினர். கள ஆய்வுகள் கொடையாளர் திட்டங்களை நம்பி நின்றன. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984இல். கணக்கிடும் ஆற்றலை முடக்கியவர்களே பின்னர் மதிப்பீடுகளையும் வழங்கினார்கள். அம்மதிப்பீடுகளின் பேரில் நிபந்தனைகளையும் விதித்தார்கள்.

இந்தச் சூழலில்தான் பிராந்திய ஒத்துழைப்பு பொருள் பெறுகிறது. தேசியக் கணக்குக்கு ஒரு வல்லுநர், விலைவாசிக் குறியீட்டுக்கு ஒருவர், வேளாண் கணக்கெடுப்புக்கு மற்றொருவர் என்று தனியே அமர்த்திக்கொள்ளச் சிறு நாடுகளால் முடிவதில்லை. 1993 செப்டம்பரில் அபிஜானில் பிராங்க் நாணய வட்டத்தைச் சேர்ந்த 14 நாடுகள் ஒப்பந்தம் செய்து அஃப்ரிஸ்டாட் அமைப்பை உருவாக்கின. அது 1996இல் மாலியின் தலைநகரான பமாக்கோவில் பணியைத் தொடங்கியது. பொதுவான வகைப்பாடுகள், பொதுவான முறைகள், நாடு விட்டு நாடு சென்று உதவும் வல்லுநர் குழு ஆகியவை அதன் பணி. அபிஜான், டக்கார், யாவுண்டே நகரங்களின் புள்ளியியல் கல்லூரிகள் பொது நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. ஆங்கிலம் வழங்கும் கிழக்குப் பகுதிக்கு டாருஸ்ஸலாமில் பயிற்சி மையம் உண்டு. மகலனோபிஸ் காலத்தில், 1950இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட சர்வதேசப் புள்ளியியல் கல்வி மையத்திலும் ஆப்பிரிக்க அலுவலர்கள் பயின்றுள்ளனர். கேப் வெர்டே 2010 கணக்கெடுப்புக்குப் பிரேசில் தன் கையடக்கக் கருவிகளைத் தந்து உதவியது.

எனினும் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நிற்கிறது. அஃப்ரிஸ்டாட்டின் நிதியத்திலேயே உறுப்பு நாடுகளுடன் பிரான்சின் பங்கும் இருந்தது. தேசிய வரவு செலவுத் திட்டத்தில் 0.15 சதவீதத்தைப் புள்ளியியலுக்கு ஒதுக்க வேண்டும் என்ற ஆப்பிரிக்க ஒன்றியத்தின் இலக்கைப் பல அரசுகள் எட்டவில்லை. செலவை ஏற்பவரே கேள்வித்தாளையும் எழுதுகிறார். சுரங்க நிறுவனங்கள் வெளியே கொண்டுசெல்லும் இலாபத்தையும் விவசாயக் கூலியின் உண்மை மதிப்பையும் எண்ணிப் பார்க்க எந்தக் கொடையாளருக்கு அவசரம்?

உள்நாட்டு ஆளும் வர்க்கத்துக்கும் அந்த அவசரம் இல்லை. புள்ளியியல் அமைப்புகளின் சுதந்திரத்தை வலியுறுத்தும் ஆப்பிரிக்கப் புள்ளியியல் சாசனம் 2009 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் ஏற்கப்பட்டது. அது நடைமுறைக்கு வரத் தேவையான 15 நாடுகளின் ஒப்புதல் சேர ஆறு ஆண்டுகள் ஆயின. 2015 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. இதற்குப் பின்னரும், 2018இல் தான்சானியா அரசு, அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்துக்கு முரணானதை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை வெளியிட மறுத்த, 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தள்ளிப்போட்ட இந்திய ஆட்சியாளர்களுக்குத் தான்சானியாவைக் குறை சொல்லத் தகுதியில்லை என்பது வேறு விஷயம். தான்சானியச் சட்டம் 2019இல் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கு எதிராக உரத்த குரல் எழுப்பிய அமைப்புகளில் ஒன்று உலக வங்கி. 1980களில் புள்ளியியல் அலுவலகங்களின் நிதியை வறளச் செய்த அதே வங்கிதான்.