செல்லை விட்டு வெளியேறும் எச்.ஐ.வி.



இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட புள்ளிராஜா விளம்பரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எச்.ஐ.வி. எப்படி உடம்புக்குள் வருகிறது என்று வீட்டுத் திண்ணை வரை அது பேச வைத்தது. உள்ளே வந்த கிருமி ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு எப்படிக் கிளம்புகிறது என்பதை மட்டும் நாம் அதிகம் பேசவில்லை. மத்தூர், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் சிகிச்சையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உடம்பு நல்லாத்தானே இருக்கு, மாத்திரையை நிறுத்திடலாமா?" அதற்கான பதில் அந்தக் கிளம்பலில்தான் இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் மாநிலத்தில்தான். 1986ம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. இங்கே இந்த நோய் வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெண்களை இன்று யாரும் பேர் சொல்லி நினைப்பதில்லை. நாடு விழித்துக்கொண்டது அவர்கள் கொடுத்த இரத்தத்தால்.

எச்.ஐ.வி. ரெட்ரோ வைரஸ் வகையைச் சேர்ந்தது. நம் செல்லில் மரபுச் செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குப் போகும். இந்த வைரஸ் ஆர்.என்.ஏ.வாக உள்ளே வந்து, தன்னை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதிக்கொள்கிறது. பிறகு அதை நம் வெள்ளணுவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிவிடுகிறது. ஒட்டியது ஒட்டியதுதான். இன்றுள்ள எந்த மாத்திரையாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

அதற்குப் பிறகு செல்லே வைரஸுக்காக உழைக்கிறது. 'காக்' என்ற நீளமான புரதம் ஆயிரக்கணக்கில் தயாராகிறது. ஓசூரில் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அச்சிலிருந்து பாகங்கள் தனித்தனியாக வருவதில்லை; ரன்னர் என்கிற தண்டோடு ஒரே கொத்தாக வரும். வெட்டிப் பிரித்த பிறகுதான் பொருத்த முடியும். காக் புரதமும் அப்படித்தான். வைரஸின் உட்சுவர், உள்ளுறை, ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி எல்லாம் ஒரே சங்கிலியாக வருகின்றன. வெட்டும் வேலை கடைசியில்.

காக் புரதத்தின் ஒரு முனையில் கொழுப்பு அமிலத் துண்டு இருக்கிறது. அதைக்கொண்டு செல்லின் வெளிச்சவ்வில் உட்பக்கமாகப் பதிகிறது. இன்னொரு பகுதி வைரஸ் ஆர்.என்.ஏ.வின் இரண்டு பிரதிகளைப் பற்றிக்கொள்கிறது. பக்கத்தில் பக்கத்தில் 2,500 வரை காக் புரதங்கள் சேரச் சேர, சவ்வு வெளியே புடைத்து மொட்டாகிறது. எல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும். இந்த அடுக்கு குலையாமல் நிற்க இனோசிட்டால் ஹெக்சாபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு உதவுகிறது என்று 2018ல் கண்டார்கள். நம் ஊர்க் கேழ்வரகில் இருக்கும் ஃபைட்டிக் அமிலமும் இதேதான். களி சாப்பிடுவதற்கும் வைரஸுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்த மூலக்கூறை ஒவ்வொரு செல்லும் தனக்குத் தானே தயாரித்துக்கொள்கிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மொட்டு தானாக அறுந்து விழாது. அதன் கழுத்தை அறுக்க வைரஸிடம் கருவி இல்லை. செல்லிடம் இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி இணைப்பை அறுத்துவிடும் எஸ்கார்ட் புரதங்கள்தான் அவை. காக் புரதத்தின் வால்பகுதி அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, மற்றவை பின்னாலேயே வந்து சேருகின்றன, கழுத்து அறுபடுகிறது. செல்லும் சும்மா விடுவதில்லை. டெதரின் என்ற புரதம் வெளியேறும் துகளைச் சவ்வோடு கட்டிப் பிடித்துவைக்கும். வைரஸோ அந்த டெதரினை ஒழிக்கவென்றே தனியாக ஒரு புரதம் வைத்திருக்கிறது. 1983ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இந்த வைரஸை முதன்முதலாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்ததும் செல்லின் ஓரத்தில் புடைத்து நின்ற இந்த மொட்டுதான்.

வெளியே வந்துவிட்ட துகளால் உடனே அடுத்த செல்லைத் தொற்ற முடியாது. உள்ளே புரோட்டியேஸ் என்ற நொதி காக் சங்கிலியை வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகள் கூம்பு வடிவ உள்ளுறையாகத் திரும்ப அடுக்கிக்கொண்ட பிறகே துகள் முதிர்கிறது. மருத்துவ ஆராய்ச்சி கைவைத்தது இந்த இடத்தில். புரோட்டியேஸைத் தடுக்கும் முதல் மருந்தான சாகுவினாவிருக்கு 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்து இருந்தால் துகள் வெளியே வரும். ஆனால் வெட்டப்படாத சங்கிலியோடு, எதற்கும் உதவாமல் அலையும். சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு, எய்ட்ஸ் சாவுகள் சரசரவெனக் குறைந்தன. மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றிகளில் ஒன்றாகவே இதை நான் பார்க்கிறேன்.

நம் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் இப்போது பெரும்பாலோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. முதல் இரண்டும் வைரஸ் தன்னைத் திருப்பி எழுதுவதைத் தடுக்கின்றன, மூன்றாவது டி.என்.ஏ.வில் ஒட்டுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே வைரஸ் ஒட்டிய செல்களை இவை தொடுவதில்லை, கவனியுங்கள். அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். மாத்திரையை நிறுத்தினால் அவை திரும்பக் காக் தயாரிக்கும், மொட்டுகள் கிளம்பும். சிகிச்சை இல்லாத உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி துகள்கள் உருவாகின்றன. உடம்பு நன்றாக இருப்பது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் இரத்தத்தில் திரும்பிவிடும்.

விடாமல் சாப்பிடுபவருக்கு வைரஸ் அளவு சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலை நீடிக்கிற வரை உடலுறவின் வழியாகக் கணவருக்கோ மனைவிக்கோ அவரிடமிருந்து தொற்றாது. பல ஆயிரம் தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வுகள் உறுதிசெய்த உண்மை இது. அப்படிப்பட்டவரைத் தள்ளி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சட்டத்திலும் இடமில்லை: 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும் அவர் நிலையைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும் தடைசெய்யப்பட்டவை.

பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போகிறீர்கள், மாத்திரை வாங்க ஊருக்கு வந்துபோக முடியவில்லை என்றால், சிகிச்சையை அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மையத்தில் கேளுங்கள், இடைவெளி விடாதீர்கள். தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் இருப்பவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், முடிவு இரகசியமாக வைக்கப்படும். நேரில் போகத் தயங்கினால், முதலில் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள்.