மண் குதிரையும் ஐந்து நாள் விடுப்பும்

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ரயில்வே குமாஸ்தாவாகிய நான் இலக்கியம் பேசத் தகுதியற்றவன் என்றேன். "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று; அது மண்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று நாம் கேலியாகக் கூறுவதுண்டு. ஆயின் அந்த மண் குதிரையை எழுப்புவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நான் புதுக்கோட்டைச் சீமையில் வேளார் குடியில் பிறந்தவன். என் தந்தையார் ஐயனார் கோயில்களுக்குப் புரவி செய்தவர்.

புரவியெடுப்புக்கு முன்பு ஊரார் ஒரு பிடி மண்ணை வேளார் கையில் கொடுப்பர். பிடிமண் என்பது அதன் பெயர். அதன் பின்னரே வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து காலால் மிதிப்பர். வெறுங் களிமண் காயும்போது மிகவும் சுருங்கி வெடித்துவிடும்; மணலும் உமியும் அதைத் தடுப்பன. உமி தீயில் எரிந்து நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். ஆவி வெளியேற அவையும் வழியாகும்.

முதலில் நான்கு கால்கள் எழும். மண்ணைக் கயிறுபோல் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே கல்லை ஏந்தி, வெளியே பலகையால் தட்டுவர். கால், வயிறு, கழுத்து யாவும் உள்ளே வெற்றிடமாகவே இருத்தல் வேண்டும். கனத்த மண்ணின் நடுவில் ஈரம் தங்கினால் தீயில் அது ஆவியாகிக் குதிரையையே பிளந்துவிடும். ஒரு நாளில் ஒரு சாண் உயர்ந்தால் போதும். கீழ்ப்பகுதி இறுகிய பின்னரே மேற்பகுதியைச் சுமக்கும். இவ்வாறு 15 அடிக்கும் மேல் உயர்ந்த புரவிகள் நம் நாட்டில் எழுந்திருக்கின்றன. மிகப் பெரியவற்றை நகர்த்த இயலாமையால், நின்ற இடத்திலேயே விறகும் வைக்கோலும் வரட்டியும் சூழ அடுக்கி, மேலே மண் பூசிச் சுடுவர்.

என் தந்தையார் குதிரையைப் பார்த்துக் குதிரை செய்யவில்லை. எங்கள் ஊரில் குதிரை ஏது? கால்களுக்கு வாழைத்தண்டையும், வயிற்றுக்குப் பலாப்பழத்தையும், காதுக்கு அரசிலையையும் காட்டுவார். "வளர்கிற பொருளைப் பார்த்துச் செய், அப்போதுதான் மண்ணும் வளரும்" என்பார். அவ்வப்போது புரவியின் வயிற்றில் தம் கன்னத்தை வைத்துச் சற்று நேரம் கண்மூடி நிற்பார். தாம் செய்த புரவிமேல் அவருக்கு அத்துணை அன்பு என்று எண்ணி நான் சிரித்திருக்கிறேன்.

எனக்கு அந்தத் தொழில் வெட்கமாயிருந்தது. தேர்வில் தேறினேன், வேலை கிடைத்தது, இந்தக் கரக்பூருக்கு வந்து சேர்ந்தேன். தந்தையார் மறைந்தபோது சக்கரத்தை யாருக்கோ கொடுத்துவிட்டோம்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு என் மகன், "தாத்தா செய்த குதிரையை நீங்கள் செய்வீர்களா அப்பா?" என்று கேட்டான். ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன். வீட்டுப் பின்புறத்தில் மூன்றடிக் குதிரையை மூன்றே நாளில் எழுப்பினேன். நான்காம் நாள் காயவைத்தேன். ஐந்தாம் நாள் தீ மூட்டினேன். பனிக்காலத்தில் தண்டவாளத்தில் வைக்கும் வெடிபோல் ஓர் ஓசை எழுந்தது. அண்டை வீட்டார் ஓடி வந்தனர். என் மகன் ஒன்றும் சொல்லாமல் ஓடுகளைப் பொறுக்கிக் கூடையில் இட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் விஷ்ணுபூரில் இறங்கி, பேருந்தில் பாஞ்ச்முரா சென்றேன். பாங்குராக் குதிரை பிறக்கும் சிற்றூர் அது. அக்கைவினைக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கால், கழுத்து, முகம் ஆகியவற்றைச் சக்கரத்தில் தனித்தனியே வனைந்து ஒட்டுகின்றனர். இலைபோன்ற காதையும் வாலையும் வேறாகச் செய்து, உடலில் விட்ட பள்ளத்தில் பின்னர்ச் செருகுகின்றனர். சூளையின் புகையை வெளியே விட்டால் குதிரை சிவக்கும். துளைகளை அடைத்துப் புகையை உள்ளே நிறுத்தினால் கறுக்கும்.

ஒரு முதியவரிடம் என் அரைகுறை வங்காளத்தில் என் தோல்வியைக் கூறினேன். அவர் பதில் உரைக்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த ஒரு குதிரையின் வயிற்றில் தம் கன்னத்தை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். சில்லென்றிருந்தது. உள்ளே ஈரம் உள்ளவரை மண் குளிர்ந்திருக்கும். குளிர் நீங்கிய பின்னரே தீக்குத் தகுதி பெறும். நான் கன்னத்தை எடுக்காமல் அங்கேயே நின்றேன். என் கண்கள் கலங்கியதை அம்முதியவர் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

பெரியோர்களே! இருபது ஆண்டுகள் அருகிருந்து பார்த்த ஒன்றின் பொருளை அறிய எனக்கு அயலூர்க் குயவர் ஒருவர் தேவைப்பட்டார். தந்தையாரிடம் ஒருநாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது, அந்தச் செய்தியைப் பலமுறை படித்தேன். பெருமையோடு நாணமும் உண்டாயிற்று.

அடுத்த முறை நான் விடுப்பு எடுக்கவில்லை. அலுவலகம் விட்டு வந்தபின் நாளுக்குச் சிறிதாகத் தை முதல் சித்திரை வரை உழைத்தோம். கன்னத்தை வைத்துப் பார்க்கும் வேலை என் மகனுடையது. "இன்னும் குளிருகிறது அப்பா" என்று அவன் பல நாள் தடுத்தான். அவன் சரி என்ற பின்னரே தீ மூட்டினேன். இதோ, மண்டப வாயிலில் நிற்பது அந்தக் குதிரைதான். ஒரு காது சற்றுக் கோணல், பொறுத்தருள்க.

வரும் ஆண்டு ஐந்தடிப் புரவி ஒன்றை நம் சங்கத்தின் பெயரால் எழுப்ப விரும்புகிறேன். அதற்கு நன்கொடை வேண்டா. ஒவ்வொரு வீட்டுக் குழந்தையும் தன் வாசலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வரட்டும். ஊரில் பெற்றோர் உள்ளவர்கள், அடுத்த விடுமுறையில் அவர்கள் கைவேலையைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்டு வாருங்கள்.