நடுவில் ஒரு ஆள்

இன்னைக்கு மேன்-இன்-தி-மிடில் அட்டாக் பத்திப் பேசப் போறேன். தமிழில் சொன்னா, நடுவில் ஒரு ஆள்.

ஒரு கல்யாணத் தரகரை நினைச்சுக்கோங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் நேரில் பார்த்ததே இல்ல. எல்லாப் பேச்சும் தரகர் வழியாத்தான். இங்க சொன்னதை அங்க மாத்திச் சொல்றார், அங்க சொன்னதை இங்க மாத்திச் சொல்றார். ரெண்டு பக்கமும் சந்தேகமே வராது. காபி ஷாப் வைஃபையிலும் இதைச் செய்யலாம். பக்கத்து டேபிள்காரர் உங்க லேப்டாப்பிடம் 'நான்தான் ரவுட்டர்'னும், ரவுட்டரிடம் 'நான்தான் அந்த லேப்டாப்'னும் பொய் சொல்லணும், அவ்வளவுதான். ரெண்டும் நம்பிட்டா உங்க டேட்டா அவர் வழியாத்தான் போகும். இதுக்குப் பேர் ஏஆர்பி ஸ்பூஃபிங்.

"அதான் என்கிரிப்ஷன் இருக்கே?"ன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா நடுவில் இருக்கிற ஆளோடேயே நீங்க ரகசியமாப் பேசினா, அந்த ரகசியத்தால் என்ன பிரயோஜனம்? அதுக்குத்தான் சர்ட்டிபிகேட். 'இது நிஜமாவே அந்த சைட்தான்'னு ஒரு நிறுவனம் டிஜிட்டல் கையெழுத்து போட்டுத் தரும். யார் கையெழுத்தை நம்பலாம்ங்கிற பட்டியல் உங்க போனிலும் பிரவுசரிலும் ஏற்கெனவே இருக்கு.

சரி, அந்தக் கையெழுத்தையே ஒருத்தர் திருடிட்டா?

2011-ல் அப்படி நடந்தது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார்னு ஒரு நிறுவனம். டச்சு அரசாங்க சைட்டுகளுக்கே சர்ட்டிபிகேட் கொடுத்தவங்க. அவங்க சிஸ்டத்துக்குள்ள ஒருத்தர் புகுந்து 500-க்கும் மேற்பட்ட போலி சர்ட்டிபிகேட்டுகளை உருவாக்கினார். ஜூலை 10 அன்னைக்கு கூகுள் பேரிலேயே ஒண்ணு. அந்த மாசமே நிறுவனத்துக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. கண்ணில் பட்ட போலிகளை ரத்து பண்ணாங்க, வெளியில் வாயே திறக்கல. கூகுள் பேரில் இருந்தது அவங்க கண்ணில் படவே இல்ல.

ஆகஸ்ட் மாசம் ஈரானில் ஜிமெயில் திறந்தவங்களுக்கும் கூகுளுக்கும் நடுவில் யாரோ உட்கார்ந்திருந்தாங்க. பூட்டு தெரிஞ்சது, மெயில் வந்தது, எல்லாம் வழக்கம்போல. அந்த சர்ட்டிபிகேட் செல்லுமான்னு பிரவுசர்கள் டிஜிநோட்டார் சர்வரிடம் விசாரிச்ச பதிவுகளைப் பின்னாடி எண்ணிப் பார்த்தாங்க. சுமார் 3,00,000 ஐபி முகவரிகள். அதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஈரான். அரசை விமர்சிச்சு எழுதுற ஒருத்தருக்கு இது பாஸ்வேர்டு பிரச்சினை மட்டும் இல்ல, ஜெயிலில் போய் முடியலாம்.

எப்படிப் பிடிபட்டது? கூகுள் சைட்டுக்கு யார் யார் கையெழுத்து போடலாம்னு கிரோமுக்குள்ளேயே எழுதி வச்சிருந்தாங்க. அதில் டிஜிநோட்டார் பேர் இல்ல. ஈரானில் ஒருத்தருக்கு கிரோம் எச்சரிக்கை காட்டுச்சு. அவர் வேற பிரவுசரில் திறந்துட்டுப் போயிருக்கலாம். போகாம, கூகுளின் உதவிப் பக்கத்தில் 'இது என்ன?'ன்னு கேட்டார். அது ஆகஸ்ட் மாசக் கடைசி. சில வாரத்துக்குள்ளேயே பெரிய பிரவுசர்கள் எல்லாம் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து தூக்கினாங்க. செப்டம்பரில் நிறுவனம் திவால்.

இப்போ நிலைமை பரவாயில்ல. புதுசா ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தா, அது யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறணும். ஏறலைன்னா கிரோம் 2018-லிருந்து ஏத்துக்கிறதில்ல. கூகுள் பேரில் திருட்டுத்தனமா ஒண்ணு போட்டா, கூகுளுக்கே தெரிஞ்சிடும்.

ஆனா ஒரு ஓட்டை அப்படியே இருக்கு. அது நாமதான். என் காலேஜ் ஹாஸ்டல் வைஃபையில் லாகின் பண்ணும்போதெல்லாம் சர்ட்டிபிகேட் எச்சரிக்கை வரும். 'அட்வான்ஸ்டு' அழுத்து, 'ப்ரொசீட்' அழுத்து, போய்க்கிட்டே இரு. நாலு வருஷம். நெட்வொர்க்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கின நான் அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடப் படிச்சதில்ல. பெரும்பாலும் அது காலேஜ்காரங்க சோம்பேறித்தனமா இருந்திருக்கும். ஒருநாள் வேற யாராவது நடுவில் உட்கார்ந்திருந்தா? அன்னைக்கும் அதே பக்கம்தான் வந்திருக்கும், நானும் அதே பட்டனைத்தான் அழுத்தியிருப்பேன்.

அதனால் அடுத்த தடவை அந்தப் பக்கம் வந்தா, வைஃபையை ஆஃப் பண்ணுங்க. மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்க. அப்பவும் வந்தா பாஸ்வேர்டு போடாம, அந்த ஈரான்காரர் மாதிரி யார்கிட்டயாவது கேளுங்க. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான் மக்களே.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.