முதியோர்க்கும் ஓர் உலை



1982 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1983-இல் உதவித்தொகை பெறும் முதியோரும் சேர்க்கப்பட்டனர். அடுப்பு ஒன்று, உண்போரோ இரு வகையினர். இதன் பொருளை எனக்கு உணர்த்தியவர் சமையற்கார அம்மையார் ஒருவர்.

அவருடைய மையத்தைப் பார்வையிட்டபோது, மூதாட்டி ஒருவர் பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்திருந்தார். "உணவு வீணாகிறது" என்று பதிவேட்டில் எழுதப் புகுந்தேன்.

"ஐயா, அந்த அம்மாவுக்குப் பசி இருக்கிறது, பல்தான் இல்லை. குழைய வடிக்க என்னிடம் இன்னொரு பாத்திரம் இல்லை" என்றார் அம்மையார்.

எனக்கு வெட்கமாயிருந்தது. அரிசியின் எடையைச் சரிபார்த்த நான், சோற்றின் பதத்தைப் பார்க்கவில்லை!

ஊராட்சி ஒரு சிறு பாத்திரம் வாங்கிக் கொடுத்தது. இப்பொழுது அவர் முதியோர்க்கென்று சிறிதளவு அரிசியைத் தனியே, கூடுதல் நீர் விட்டுக் குழைய வேகவைக்கிறார். முருங்கைக்கீரையைக் காம்பு நீக்கிப் பொடியாக நறுக்குகிறார், காரத்தைக் குறைக்கிறார். முதுமையில் தாகம் எளிதில் தெரியாது. ஆகையால் சோற்றுக்கு முன்பே தண்ணீர் வைக்கிறார். இவற்றை அவருக்கு எந்த அலுவலரும் கற்பிக்கவில்லை.

உங்கள் மையத்துச் சமையலருக்கு என்ன குறை என்பதை நாளை நண்பகலில் நேரில் சென்று கேளுங்கள்.