பட்டாளம் தந்த ஊனமும் பின்னால் வரும் நோயும்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், படையில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை.)



இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் பட்டாளத்துப் பெட்டி இருக்கிறது? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதிக் கூடம் தூக்கியிருக்கிறது. திருநெல்வேலியிலும் வேலூரிலும் மழை பொய்த்தால் ஒரு மகன் பம்பாய்க்கு ரயிலேறினான், இன்னொரு மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனான். பட்டாளத்துக்குப் போனவனும் பதினைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து அண்ணனைத் தேடி இங்கேதான் வந்து சேர்ந்தான். எல்லையைக் காத்தவன் இன்று அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டைக் காக்கிறான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே காக்கிறான்.

அப்படிக் கேட்டில் நின்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் வேண்டாம். அவருடைய மனைவி இங்கே வந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

1988இல் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1998இல் காஷ்மீரில் ரோந்து போகும்போது சுமையோடு சரிவில் விழுந்து வலது முழங்கால் போயிற்று. கால் போகவில்லை, முழங்கால்தான் போயிற்று. வெட்டி எடுத்திருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும். உள்ளே கிழிந்ததால் யாருக்கும் தெரியவில்லை. 2005இல் பணிக்காலம் முடிந்து வெளியே வந்தபோது மெடிக்கல் போர்டு அந்தக் காலுக்கு இருபது சதவீதம் போட்டது. பணியால் வந்தது என்றும் ஒப்புக்கொண்டது. ஆக, ஊனப் பென்ஷன் உண்டு. அதோடு கதை முடிந்தது என்று அவரும் நினைத்தார், அரசும் நினைத்தது.

கதை அதன் பிறகுதான் தொடங்கியது. வலது காலை ஊன்ற முடியாதவன் இடது காலில் சாய்ந்து நிற்பான். சில ஆண்டுகளில் இடது முழங்காலும் இடுப்பும் வலிக்க ஆரம்பித்தன. வலியோடு இரவுப் பணி பார்க்க முடியாது. பணி பார்க்காவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. மருந்துக் கடைக்குப் போவார், டைக்ளோஃபெனாக் மாத்திரை ஓர் அட்டை வாங்குவார், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில். அந்த வகை வலி மாத்திரை நாள்பட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2011இல் ரத்தத்தில் கிரியாட்டினின் கூடுதல் என்று ஓர் ஆய்வகச் சீட்டு வந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் நிற்க முடியாதே! நிறுத்தவில்லை. 2018இல் டயாலிசிஸ். 2021இல் காலமானார்.

2018இல்தான் அந்த அம்மா ஒரு மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, இதிலே எது காகிதம், எது குப்பைன்னு எனக்குத் தெரியலை" என்றார். பையைத் தரையில் கொட்டினோம். பாதி மருந்துக் கடைப் பில், அதிலும் பாதி எழுத்து அழிந்துபோனது. பாக்கி, ஊசி போட்ட சீட்டு, எக்ஸ்ரே, கோயில் திருநீற்றுப் பொட்டலம். பதிமூன்று ஆண்டு நோயில், இந்த மாத்திரை இந்த முழங்காலுக்காகத் தின்றது என்று ஒரு டாக்டர் எழுதிய ஒரு வரி இல்லை.

ஒரு குற்றத்தை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். நான் அதே சந்தில் குடியிருந்தவன். படையில் எழுத்தர் வேலை பார்த்தவன். இந்த விதிகளைத் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்தவன். அவர் நொண்டி நடப்பதைத் தினமும் பார்த்தேன். "கால் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டிருக்கிறேன். "காகிதம் எப்படி இருக்கு?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இனி விதிக்கு வருகிறேன்.

1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் என்று ஒன்று உண்டு. 2008இல் வேறு விதிகள் வந்தன. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுவோருக்கு மறுபடியும் புதிது. நீங்கள் எந்த ஆண்டு வெளியே வந்தீர்களோ அந்த ஆண்டுக்குரிய விதியைப் பார்க்க வேண்டும். நம் சிப்பாய் 2005, ஆகவே அவருக்கு 1982 விதி. அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பணியில் இருக்கும்போது தெரியாத நோய், வெளியே வந்து ஏழு ஆண்டுகளுக்குள் தலைகாட்டினால், அதன் வேர் பணிக்காலத்திலேயே ஊன்றியது என்று மருத்துவ ரீதியாகக் காட்ட முடிந்தால், பணியால் வந்த நோயாகவே ஏற்கலாம். நோய் எழுந்த தேதி ஏழு ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே அங்கே பேச்சு. 2005ஓடு ஏழைக் கூட்டுங்கள். 2012. அந்த ஆய்வகச் சீட்டின் தேதி 2011! மஞ்சள் பையில் கசங்கிக் கிடந்த அந்த ஒரு சீட்டு இல்லையென்றால் மனுவே எழுதியிருக்க முடியாது.

அதே விதிகளில் இன்னொன்று. ஊனப் பென்ஷன் வாங்குபவர் வீட்டில் இறந்துபோகிறார். அந்த ஊனத்தால்தான் இறந்தாரா என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஊனத்தால் வெளியேற்றப்பட்டு ஏழு ஆண்டுக்குள் என்றால் சந்தேகத்தின் பலன் குடும்பத்துக்கு. அதற்குப் பிறகு என்றால் சந்தேகத்தின் பலன் அரசுக்கு! எட்டாம் ஆண்டில் செத்தவனுடைய முழங்கால் யாருடையது என்று நான் கேட்கிறேன். இதில் விதவைக்கு என்ன வித்தியாசம் என்றால், சாதாரணக் குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம், பணியால் வந்த சாவு என்று ஒப்புக்கொண்டால் அறுபது சதவீதம். ஒரு குடும்பத்தின் பாதிச் சோறு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மெடிக்கல் போர்டு கேட்காத நோய்களுக்கு ஒரு முத்திரை வைத்திருக்கிறது. பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்பதை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்பார்கள். தமிழில் படித்தால் அரசே "நானா? நானா செய்தேன்?" என்று கேட்பதுபோல இருக்கும். அந்த முத்திரையைப் பார்த்ததும் நம் ஆட்கள் காகிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். 1985இல் சேர்ந்து 1994இல் வலிப்பு நோய் என்று வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங் என்ற சிப்பாய் உச்சநீதிமன்றம் வரை போனார். 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அவன் நலமாகச் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாய் தலையில் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கு. போர்டு மறுத்தால் காரணம் எழுத வேண்டும். இது நீதிமன்றம் புதிதாகப் போட்ட சலுகை அல்ல, விதியில் ஏற்கெனவே இருந்ததைத்தான் அது எடுத்துக் காட்டியது. ஆனால் ஒன்று: 2008 விதிப்படி வெளியேறி பதினைந்து ஆண்டு கழித்து, பழைய ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு மனுப் போட்டால், பாரம் நம் தலைக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொண்ட ஊனத்திலிருந்து கிளைத்த நோயும் பணியால் வந்த நோயே என்று தனி விதி உண்டு. வியட்நாமில் ஏஜெண்ட் ஆரஞ்ச் நச்சுக்கு ஆளான சிப்பாய்களின் சர்க்கரை நோயை 2001இல் பணி நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தச் சர்க்கரையால் பிறகு சிறுநீரகமோ நரம்போ கெட்டால் அதற்கும் மனுப் போடலாம். அந்த நச்சைத் தலையில் வாங்கிய வியட்நாம் மக்கள் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு 2005இல் தள்ளுபடியானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். அங்கே மனுவுக்கு மூன்று கேட்கிறார்கள்: முதல் ஊனம், இன்றைய நோய், இரண்டையும் இணைத்து ஒரு டாக்டர் எழுதிய கருத்து. இங்கே அப்படி ஒரு தனி மனு இல்லாவிட்டாலும் அந்த மூன்றாவது இல்லாமல் எந்த போர்டும் அசையாது.

எனவே தாய்மார்களே, டாக்டரிடம் போகும்போது "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பட்டாளத்தில் எந்த ஆண்டு அடிபட்டது, அதற்கு எத்தனை ஆண்டாக எந்த மாத்திரை என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். பென்ஷன் வாங்குபவர்கள் கடையில் அட்டை வாங்குவதை விட்டு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போங்கள். வரிசை நீளம்தான். ஆனால் அங்கே வாங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவு இருக்கும்.

உண்மையையும் சொல்லுங்கள். நம் சிப்பாய் குடித்தார். அதை மறைத்து எழுதலாமா என்று அவருடைய மைத்துனர் கேட்டார். வேண்டாம் என்றேன். மருத்துவமனைக் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பொய் அகப்பட்டால் பத்து உண்மையும் பொய்யாகிவிடும். எல்லா நோயையும் பட்டாளத்தின் மேல் ஏற்றவும் முடியாது. அவருடைய இடுப்பு வலியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்த செக்யூரிட்டி கம்பெனிக்கும் பங்கு உண்டு. அந்தக் கணக்கை வேறொரு கூட்டத்தில் பார்ப்போம்.

மனுவுக்கு முன் நாங்கள் செய்த முதல் வேலை ஆவணம் கேட்டது. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதினோம். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். கேட்டது மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல். அது வந்தபோதுதான் இன்னொரு அநியாயம் தெரிந்தது. இருபது சதவீதத்தை ஐம்பதாக உயர்த்திக் கணக்கிட வேண்டும், அதைச் செய்யவே இல்லை. ஐம்பதுக்குக் குறைந்தது ஐம்பதாகவும், ஐம்பது முதல் எழுபத்தைந்து வரை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேல் நூறாகவும் உயரும். காலம் முடிந்து வெளியே வந்தவர்களுக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போதைய கணக்கில் நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம். சம்பளம் 20,000 என்று வையுங்கள். இருபது சதவீதத்துக்கு மாதம் 1,200. ஐம்பதாக உயர்த்தினால் 3,000. இந்தப் பாக்கியை அவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கினோம், ஆனால் மூன்று ஆண்டுப் பாக்கிதான். தாமதமாகக் கேட்டால் பொதுவாக அவ்வளவுதான் என்று 2008இல் தர்செம் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. மீதி ஆண்டுகள் போனது போனதுதான்.

சிறுநீரக மனுவுக்கு 'நானா' முத்திரை விழுந்தது. முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, இரண்டும் தள்ளுபடி. ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதக் கெடு. அவர் போன பிறகு அந்த அம்மா கைநாட்டு வைத்து வழக்கைத் தொடர்கிறார். இப்போது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வில் இருக்கிறது. 2009இல் தீர்ப்பாயம் தொடங்கியதிலிருந்து இதற்காக உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. ஜெயிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மாத்திரைக்கும் முழங்காலுக்கும் உள்ள தொடர்பைப் பிறகு ஒரு சிறுநீரக டாக்டர் எழுதித் தந்தார், அது 2019 தேதியிட்டது. 2011இல் எழுதியிருந்தால் இந்தக் கூட்டத்தில் அவரே பேசியிருக்கலாம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் உட்கார்கிறேன். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, மெடிக்கல் போர்டு காகிதம், ஆய்வகச் சீட்டு, எது இருக்கிறதோ கொண்டு வாருங்கள். வரிசைப்படுத்த வேண்டாம். பையோடு அப்படியே கொண்டு வாருங்கள். ஆங்கிலம் படித்த இளைஞர்கள் நான்கு பேர் எழுத வேண்டும், பெயர் கொடுங்கள். அந்த அம்மாவும் வருவார். எது காகிதம், எது குப்பை என்று இப்போது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.